டிரம்பெட் வித்துவான் சிக் சாக்லேட்

நமது சங்கத்தின் ஆண்டு மலரில் இசைவாணர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோரின் எழுதுகோல் திருவையாற்றையோ தஞ்சையையோ நோக்கிச் செல்வதே இயல்பு. இவ்வாண்டு அது வடமேற்குத் திசையில் செல்கின்றது. நாம் வாழும் இக்கொச்சிக் கரைக்கு வடக்கே, அதே அரபிக் கடலோரத்தில், கோவா நாட்டின் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். பம்பாய் நகரின் நடனக்கூடங்களில் ஜாஸ் என்னும் மேனாட்டு இசையை முழக்கியவர். பின்னர் நம் வீடுகளின் வானொலிப் பெட்டிகளுக்குள்ளும் தம் பெயர் தெரியாமலே புகுந்துவிட்டவர். அவருடைய இயற்பெயர் அந்தோணியோ சேவியர் வாஸ். உலகம் அறிந்த பெயர் சிக் சாக்லேட்.

ஜாஸுக்கும் களமசேரித் தமிழ்க் குடும்பங்களுக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். உறவு உண்டு. மட்டாஞ்சேரியில் செறளாய்ப் பகுதித் தெருக்களில் சற்று நின்றால் கொங்கணி மொழி காதில் விழும். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகேசியரின் சமயக் கெடுபிடிக்கு அஞ்சிக் கோவாவை நீங்கி, கொச்சி மன்னரின் நிழலில் ஒதுங்கிய மக்களின் வழிவந்தோர் பேசும் மொழி அது. நம் வித்துவானின் தாய்மொழியும் அதுவே. ஒரு சாரார் தம் வழிபாட்டைக் காத்துக்கொண்டு தெற்கே வந்தனர். ஊரிலேயே தங்கியவருள் மற்றொரு சாரார் ஞானஸ்நானம் பெற்று, தேவாலயத்தில் பாட்டும் பிடிலும் பயின்றனர். போர்த்துகேசியர் கோட்டை முதன்முதலில் எழுந்ததும் நமது கொச்சியில்தான், 1503ஆம் ஆண்டில். கோவா அவர்கள் கைப்பட்டது அதன் பின்னர், 1510இல். ஆகவே இவ்வரலாற்றின் வேர் நம் காலடி மண்ணையும் தொட்டே செல்கின்றது.

கோவாவின் பார்தேஸ் வட்டத்தில் ஆல்டோனா என்னும் ஊர் உள்ளது. அங்கே 1916ஆம் ஆண்டில் அந்தோணியோ பிறந்தார். அக்காலத்தில் கோவாவின் ஊர்தோறும் தேவாலயத்தைச் சார்ந்த பாடசாலை ஒன்று இருந்தது. எழுத்தறிவோடு இசையறிவும் அங்கே புகட்டப்பட்டது. பிள்ளைகள் சுரங்களைக் குறிப்பைப் பார்த்துப் பாடக் கற்றனர். பிடில் வாசிக்கக் கற்றனர். திருப்பலியின்போது பாடும் குழுவில் நின்றனர். கற்பிக்கும் ஆசானை அவர்கள் அழைக்கும் பெயர் மெஸ்த்ரி. நம் ஊரில் சுவர் எழுப்பும் கொத்தனார்களின் தலைவரை மேஸ்திரி என்கிறோமே, அச்சொல்லும் இதே போர்த்துகேயச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஒரே சொல் ஓரிடத்தில் கரணையையும் மற்றோரிடத்தில் பிடிலையும் கையில் ஏந்தியது வேடிக்கையே.

இப்பாடசாலைகளின் பயன் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நம் நாட்டு வித்துவான்கள் குருவின் வாயிலாகக் கேட்டுக் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்ளும் முறையில் வந்தவர்கள். கோவாப் பிள்ளைகளோ ஐந்து கோடுகளின் மீது எழுதப்பட்ட மேனாட்டுச் சுரக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கப் பழகியவர்கள். முன்பின் கேட்டிராத ஓர் இசையைத் தாளில் எழுதி முன்னே வைத்தால், உடனே வாசித்துவிடுவர். கடிதம் படிப்பது போன்ற இந்த எளிய திறமைதான் பின்னாளில் இந்தியத் திரைப்பட இசையின் போக்கையே மாற்றப் போகின்றது என்பதை ஆல்டோனாவின் மெஸ்த்ரி எவ்வாறு அறிந்திருப்பார்!

கோவாவின் நிலம் தன் மக்கள் அனைவருக்கும் சோறிட வல்லதாக இல்லை. ஆதலால் ஆடவர் பலர் பம்பாய்க்குப் பெயர்ந்தனர். சமையற்காரராக, கப்பற் பணியாளராக, தையற்காரராக, வாத்தியக்காரராக. பம்பாயில் ஒவ்வோர் ஊராருக்கும் கூட் என்றழைக்கப்பட்ட தங்குமிடம் ஒன்று இருந்தது. ஓர் ஊரார் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் செபம் சொல்லி, வேலை கிடைக்கும்வரை ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டனர். பெரியாற்றின் கரையிலுள்ள ஆலைகளை நம்பித் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்து, ஊர்க்காரர் அறையில் பாய் விரித்துப் படுத்துத் தம் வாழ்வைத் தொடங்கிய நம் மூத்த தலைமுறையினர்க்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

அந்தோணியோவின் அன்னையார் தம் மகன் இயந்திரம் பழுதுபார்க்கும் தொழிலைக் கற்க வேண்டும் என்றே விரும்பினார். பிழைக்கத் தெரிந்த தாயின் விருப்பம் அது. அதில் குறை காண்பதற்கில்லை. மகனோ டிரம்பெட்டைக் கையில் எடுத்தார்.

டிரம்பெட் என்பது நம் கோயில் எக்காளத்துக்குத் தூரத்து உறவு எனலாம். நீண்ட பித்தளைக் குழாயை மடித்து வளைத்து, நடுவே மூன்று வால்வுகளைப் பொருத்தியிருப்பர். நாகசுரத்தில் சீவாளி அதிர்ந்து ஓசை எழுகின்றது. இதிலோ சீவாளி கிடையாது. ஊதுவோரின் உதடுகளே சீவாளியாக அதிர வேண்டும். மூன்றே வால்வுகளைக் கொண்டு அத்தனை சுரங்களையும் எழுப்புவது எங்ஙனம் எனில், விரல்களை ஒரே நிலையில் வைத்துக்கொண்டு உதட்டின் இறுக்கத்தையும் மூச்சின் விசையையும் மாற்றிப் பல சுரங்களைப் பெறுதல் வேண்டும். உதடு சோர்ந்தால் வாசிப்பும் சோரும். குழலின் வாயில் ஓர் அடைப்பை வைத்தும் எடுத்தும் வாசித்தால் அவ்வோசை மனிதக் குரல் போலவே விம்மும், நகைக்கும். இரவு நெடுநேரம் ஆடுவோர்க்காக இதனை ஊதுதல் உடலை வருத்தும் தொழில். நாகசுரக் கலைஞர் குடும்பங்களைச் சேர்ந்த நம் அன்பர்கள் இதனை நன்கு உணர்வர்.

அவர் பின்பற்றிய இசை ஜாஸ். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களிடையே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உருவான இசை அது. அந்நகரில் 1901இல் பிறந்த லூயி ஆம்ஸ்டிராங் அதன் மாபெரும் டிரம்பெட் மேதை. கப்பலேறி வந்த கிராமபோன் இசைத்தட்டுகளின் வாயிலாக அவருடைய வாசிப்பு பம்பாய் இளைஞரைச் சென்றடைந்தது. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும் அத்தட்டுகளை மீண்டும் மீண்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு நெளிவையும் காதால் பிடித்துக் கற்றனர். குறிப்பைப் பார்த்து வாசிக்கத் தெரிந்த கோவா இளைஞர், குறிப்பில் அடங்காத ஓர் இசையைக் கேள்வி ஞானத்தால் கற்க நேர்ந்தது இவ்வாறுதான்.

ஜாஸின் உயிர் மனோதர்மம். ஒரு பாட்டின் மெட்டை முதலில் எல்லாரும் சேர்ந்து வாசித்துக் காட்டுவர். பின்னர் அதே சுற்று மீண்டும் மீண்டும் வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் எழுந்து நின்று, அப்போதைக்கப்போது தம் கற்பனையில் தோன்றியதை வாசிப்பார். நம் கச்சேரிகளில் கற்பனை சுரம் பாடும்போது பாடகரும் பிடில்காரரும் மாறி மாறிப் பாடி வாசித்துத் தாளத்தில் வந்து சேர்வதை நினைவு கொள்க. நமக்கு இராகம் எல்லை வகுக்கின்றது. அவர்களுக்கோ ஒரே நேரத்தில் பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் ஒலிக்கோவைகளின் வரிசை எல்லை வகுக்கின்றது. தாளத்தை நடத்தும் முறையும் வேறு. எண்ணிக்கைக்குச் சரியாக விழாமல், சற்றே தளர்ந்தும் முந்தியும் அசைந்தாடிச் செல்லும் அந்நடையை எழுத்தில் காட்டவியலாது. கேட்டே உணர வேண்டும்.

அந்நாளில் பம்பாயின் பெரிய ஓட்டல்களில் மேனாட்டு நடனமே மாலைப் பொழுதின் மையம். 1903இல் திறக்கப்பெற்ற தாஜ்மகால் ஓட்டலின் நடனக்கூடத்தில் வாசிப்பதென்பது வாத்தியக்காரருக்குப் பெரும்பேறாகக் கருதப்பட்டது. அங்கே 1935ஆம் ஆண்டில் லியான் அபி என்னும் பிடில் வித்துவான் ஆப்பிரிக்க அமெரிக்கரைக் கொண்ட குழுவோடு வந்து வாசித்தார். அவருக்குப் பின் டிரம்பெட் வித்துவான் கிரிக்கெட் ஸ்மித்தும், பியானோ வித்துவான் டெடி வெதர்போர்டும் அங்கே குழு நடத்தினர். வெதர்போர்டு 1926இல் சிகாகோவில் லூயி ஆம்ஸ்டிராங்குடன் ஒரே குழுவில் இருந்து வாசித்தவர். ஷாங்காய் நகரில் பல்லாண்டு வாசித்தவர். இறுதியில் கல்கத்தாவின் கிராண்டு ஓட்டலில் புகழோடு விளங்கி, 1945இல் அந்நகரிலேயே வாந்திபேதி கண்டு தம் நாற்பத்தோராம் வயதில் மறைந்தார். ஆகவே ஜாஸ் நம் நாட்டுக்கு இசைத்தட்டின் வழியாக மட்டும் வரவில்லை. அம்மரபின் மேலோர் சிலர் நேரிலேயே கொண்டுவந்து தந்தனர்.

இவர்கள் வருகையால் விளைந்த நன்மை இசையோடு நிற்கவில்லை என்பது நம் கருத்து. வெள்ளையர் கழகங்கள் பல இந்தியரை உள்ளேவிட மறுத்த காலம் அது. நடனக்கூடத்தில் வெள்ளைத் தோலுக்கே முதன்மை இருந்தது. அமெரிக்காவில் தம் நிறத்தால் இழிவுற்ற கலைஞர்கள் இங்கே வந்து, ஆளும் இனத்தார் எழுந்து நின்று கைதட்டும்படி வாசித்தனர். அவர்கள் கோவா இளைஞரைத் தம் குழுக்களில் சேர்த்துக்கொண்டனர். டிரம்பெட் வித்துவான் பிராங்க் பெர்னாண்டு அவ்வாறு பயின்றவருள் ஒருவர். கருத்த தோலுடையோரும் மேடையின் நடுவே நின்று குழுவை நடத்தலாம் என்பதைக் கண்ணாரக் கண்ட தலைமுறை அது. அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவரே நம் அந்தோணியோ.

மேடைக்கெனப் புதுப்பெயர் சூட்டிக்கொள்வது அவர்களிடையே வழக்கமாயிற்று. பிராங்க்ளின் பெர்னாண்டஸ் பிராங்க் பெர்னாண்டு ஆனார். சாக்ஸபோன் வித்துவானாகிய பார்சி இளைஞர் கவாஸ்ஜி கடாவ் ரூடி காட்டன் ஆனார். அந்தோணியோ வாஸ் சிக் சாக்லேட் ஆனார். தாய் தந்தையர் இட்ட பெயரைத் துறப்பதா என்று சிலர் மனம் வருந்தலாம். நம் திரையுலகில் எத்தனை பேர் இயற்பெயரோடு விளங்குகின்றனர் என்று எண்ணிப் பார்த்தால் வருத்தம் தணியும்.

1940ஆம் ஆண்டுகளில் சிக் சாக்லேட் தமக்கென ஒரு குழுவை அமைத்துக்கொண்டு பம்பாயின் முன்னணி நடன இசைத் தலைவர்களுள் ஒருவரானார். தாஜ்மகால் ஓட்டலிலும் அவர் குழு வாசித்தது. இந்தியாவின் லூயி ஆம்ஸ்டிராங் என்று ரசிகர்கள் அவரைப் போற்றினர். இது வெறும் புகழ்ச்சியன்று; அவர் ஆம்ஸ்டிராங்கை உளமார வழிபட்டவர். டிரம்பெட்டில் அவருடைய பாணியை மேற்கொண்டதோடு, பாடும்போது அவருடைய கரகரத்த குரலையும், கையில் வெள்ளைக் கைக்குட்டையை ஏந்தும் வழக்கத்தையும்கூட மேற்கொண்டார். இதனைப் போலிமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஜி. என். பாலசுப்பிரமணியம் அவர்களின் பாணியில் தோய்ந்து பாடியோர் எத்தனை பேர்! அவர்களை நாம் போலிகள் என்று தள்ளிவிடவில்லையே. ஒரு பெரியவரின் பாணியை முழுதும் தம்முள் வாங்கிக்கொண்டவரே பின்னர் அதிலிருந்து தமக்கென ஒரு வழியைக் காண்கின்றனர். சிக் சாக்லேட்டுக்கு அவ்வழி அவர் எதிர்பாராத இடத்தில் திறந்தது.

உலகப் போர்க் காலத்தில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அயல்நாட்டுப் படைவீரர் நிறைந்திருந்தனர். நடனக்கூடங்களுக்கு ஓய்வில்லை, வாத்தியக்காரருக்கு வேலைப் பஞ்சமில்லை. போர் முடிந்தது. 1947இல் நாடு விடுதலை பெற்றது. ஆங்கிலேயர் கப்பலேறினர். சமஸ்தானங்கள் இணைந்தபின் நடன விருந்துகளுக்குப் பொருள் சொரிந்த மன்னர்களின் கையும் சுருங்கியது. போதாக்குறைக்கு, பம்பாய் மாகாணத்தின் 1949ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் அடுத்த ஆண்டில் முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. மதுவிலக்கின் நன்மை தீமைகளை ஆராய இது இடமன்று. காந்தியடிகள் வழி நிற்கும் அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் உளர். ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். கோப்பை கவிழ்ந்தபோது, அதனருகே நின்று டிரம்பெட் ஊதியவரின் உலையும் சேர்ந்தே கவிழ இருந்தது. நாடு முழுதும் மகிழ்ந்த ஒரு விடியலில், எவ்விதக் குற்றமும் செய்யாத சில நூறு குடும்பங்கள் தம் பிழைப்பு என்னாகுமோ என்று கலங்கி நின்றன. ஆலை மூடப்பட்ட நாள்களைக் கண்ட குடும்பங்களுக்கு அக்கலக்கம் புதிதன்று.

அப்போது அவர்களுக்குக் கைகொடுத்தது திரைப்படம். கைகொடுத்தவருள் முதன்மையானவர் இசையமைப்பாளர் சி. ராமச்சந்திரா. மராட்டியத்தில் 1918இல் பிறந்த இவர், இசையமைப்பாளராகத் தம் வாழ்வைத் தொடங்கியது தமிழ்ப் படங்களில் என்பதை நம்மவரே பலர் மறந்திருப்பர். ஜெயக்கொடி, வனமோகினி ஆகியன அப்படங்கள். இலங்கையிலிருந்து வந்த தவமணி தேவி நடித்த வனமோகினி 1941இல் வெளிவந்தது. அதனை இயக்கியவர் பகவான் என்னும் நடிகர். இந்த இருவரையும் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம், மீண்டும் வருவர்.

சிக் சாக்லேட் ராமச்சந்திராவின் இசையுதவியாளரானார். உதவியாளர் என்னும் சொல் சிறிதாகத் தோன்றும், வேலையோ பெரிது. இசையமைப்பாளர் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து மெட்டைப் பாடிக்காட்டுவார். உதவியாளர் அதனைச் சுரக்குறிப்பில் எழுதிக்கொள்வார். எழுதியதை அப்படியே வாசித்தால் பாட்டாகிவிடாது. முகப்பில் எந்த வாத்தியம் ஒலிப்பது, சரணத்துக்கு முன்னர் வரும் இடையிசையில் பிடில்கள் என்ன செய்வது, கிளாரினெட் எங்கே நுழைவது, டிரம்பெட்டுகள் எங்கே வெடித்தெழுவது என்பனவெல்லாம் தீர்மானிக்கப்பட வேண்டும். பின்னர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாளில் எழுதித் தர வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடகரும் வாத்தியக்காரர் அனைவரும் ஒருங்கே கூடி, ஒரே மூச்சில் முழுப்பாட்டையும் பதிய வேண்டும். ஒருவர் ஒரு சுரம் தவறினால் தொடக்கத்திலிருந்து மீண்டும் எடுக்க வேண்டியதுதான். இன்றுபோல் வாத்தியங்களைத் தனித்தனியே பதிந்து பின்னர்க் கோக்கும் வசதி அன்று இல்லை.

இந்துஸ்தானி மரபில் வந்த சாரங்கி, தபலா வித்துவான்கள் மேதைகளே ஆயினும் மேனாட்டுக் குறிப்பைப் படிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு அதற்குமுன் ஏற்பட்டதில்லை. படிக்க வல்லவர் கோவாக்காரர். இரவில் ஓட்டலில் வாசித்தவர்கள் பகலில் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தனர். செபாஸ்டியன் டிசௌசா, அந்தோணி கொன்சால்வஸ், பிராங்க் பெர்னாண்டு முதலிய பலரும் இவ்வழியே வந்து இந்தித் திரையிசைக்கு உருவம் தந்தவர்கள். ஆல்டோனா போன்ற ஊர்களின் பாடசாலையில் கற்ற பாடம் இங்கே சோறு போட்டது.

1950இல் வெளிவந்த சமாதி என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தைப் பின்னணியாகக் கொண்ட கதை. மலாயாத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பெருந்தொகையினராகச் சேர்ந்த படை அது. அப்படத்தில் இரு சகோதரியர் ஆடிப்பாடும் பாட்டு ஒன்று நாடெங்கும் பரவியது. அதன் மெட்டு, 1945இல் ஹாலிவுட் படம் ஒன்றில் கார்மன் மிராண்டா பாடிய இலத்தீன் அமெரிக்கப் பாங்கான பாட்டிலிருந்து பிறந்தது. நேதாஜியின் படைக்கும் கரிபியன் தீவுக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர்க்கு நம்மிடம் விடையில்லை. ஆனால் அப்பாட்டைக் கேட்டுக் கால்கள் தாளமிடாத வீடு அந்நாளில் இருந்திருக்குமா என்பதும் ஐயமே.

அடுத்த ஆண்டில், 1951இல், அல்பேலா வந்தது. வனமோகினியை இயக்கிய அதே பகவான் இயக்கி நடித்த படம். இசை அதே ராமச்சந்திரா. இருவரும் தமிழ்ப் படத்தில் சேர்ந்து பணியாற்றியோர் என்று முன்பே குறித்தோம். இப்படத்தின் பாடல்களில் போங்கோ என்னும் இரட்டைப் பறையும், கிளாரினெட்டும், டிரம்பெட்டும் இந்துஸ்தானி மெட்டுகளோடு கைகோத்து ஆடின. லதா மங்கேஷ்கரும் சிதல்கர் என்னும் பெயரில் ராமச்சந்திராவும் பாடினர். படம் பெருவெற்றி பெற்றது. தமிழிலும் அதனை மொழிமாற்றி, நல்ல பிள்ளை என்னும் பெயரில் 1953இல் வெளியிட்டனர். ஜாஸ் என்னும் சொல்லையே கேட்டறியாத தமிழ்ச் சிற்றூர்க் கொட்டகைகளில், மணல் குவித்து அமர்ந்திருந்த மக்கள் பம்பாய் நடனக்கூடத்தின் இசையைக் கேட்டுத் தலையசைத்தது இவ்வாறுதான். யார் வாசித்தது என்று அவர்கள் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்வாரில்லை.

இங்கே நம் மனத்தை நெடுநாளாக உறுத்தும் செய்திக்கு வருகின்றோம். அந்நாளைய படங்களில் இசை என்பதன் எதிரே ஒரு பெயரே பெரிதாகத் தோன்றும். மெட்டுக்கு உடுத்தி அழகு பார்த்தவர்களின் பெயர் சிறிய எழுத்தில் ஒரு கணம் மின்னி மறையும். பல படங்களில் அதுவும் இராது. இடையிசை யாருடைய கற்பனை, எந்தத் திருப்பம் உதவியாளர் தந்தது என்பதற்கு ஏடு இல்லை. இதனால் இசையமைப்பாளரைப் பழிப்பது நம் நோக்கமன்று. மெட்டு அவருடையது, பொறுப்பு அவருடையது, படம் தோற்றால் வசையும் அவருக்கே. எனினும் ஒரு வீட்டைக் கட்டியவருள் கல்லில் பெயர் பொறிக்கப்பட்டவரை மட்டும் நினைப்பது முழுமையான நினைவு ஆகாது.

நமக்கு அண்மையிலும் இதற்குச் சான்று உண்டு. கொச்சிக் கோட்டையைச் சேர்ந்த இசையமைப்பாளர் எம். கே. அர்ச்சுனன் அவர்களை இங்குள்ளோர் அனைவரும் அறிவர். இளமையில் பழநியில் ஓர் ஆசிரமத்தில் வளர்ந்து இசை கற்றவர் அவர். அவருடைய மலையாளப் பாடல்கள் பலவற்றுக்கு வாத்திய இசையை வகுத்தளித்தவர் ஆர். கே. சேகர் என்னும் நம்மவர். வேறு பெரும் இசையமைப்பாளர்கள் பலருக்கும் அவர் அவ்வாறே உழைத்து, 1976இல் இளவயதிலேயே மறைந்தார். அவருடைய மைந்தர் ஏ. ஆர். ரகுமான் உலகப் புகழ் பெற்ற பின்னரே தந்தையாரின் பெயரைப் பலர் தேடிப் படித்தனர்.

ராமச்சந்திரா இவ்வகையில் சற்றுப் பெருந்தன்மை காட்டினார் என்றே சொல்ல வேண்டும். அல்பேலாவின் ஒரு நடனக் காட்சியில் சிக் சாக்லேட்டும் அவர் குழுவினரும் திரையிலேயே தோன்றுகின்றனர். வாத்தியக்காரரை மறைத்தே வைக்கும் வழக்கத்துக்கு இது ஒரு விலக்கு.

மேனாட்டு இசையைத் திரைப்படத்தில் கலந்தது நம் மரபைக் கெடுத்தது என்று அந்நாளிலேயே குறை கூறியோர் உளர். அக்குறையில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. அயல்நாட்டு மெட்டுகளை அப்படியே பெயர்த்தெடுத்த பாடல்களும் பல வந்தன. அவற்றுக்கு நாம் வாதாட வரவில்லை. ஆயின் பிடில் என்ன, கிளாரினெட் என்ன, ஆர்மோனியம் என்ன, எல்லாம் கடல் கடந்து வந்தவையே. பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் பிடிலை ஏற்றதால் நம் இசை குன்றவில்லை. சிக் சாக்லேட் போன்றோர் செய்தது பெயர்த்தெடுப்பது மட்டுமன்று. டோலக்கின் நடையோடு டிரம்பெட்டை இணங்க வைப்பது இரண்டையும் அறிந்தவரால் மட்டுமே இயலும். ராமச்சந்திரா 1958இல் ஜெமினியின் வஞ்சிக்கோட்டை வாலிபனுக்கு இசையமைத்தபோது, பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டியிட்டு ஆடும் பாட்டில் நம் மரபுக்கே உரிய இசையை எத்துணை அழகாகத் தந்தார்! மேனாட்டு இசையைத் தொட்ட கை நம் இசையை மறந்துவிடும் என்பது அச்சமேயன்றி உண்மையன்று.

திரைப்படப் பணிக்கு இடையிலும் சிக் சாக்லேட் டிரம்பெட்டையும் நடன மேடையையும் விட்டுவிடவில்லை. திரைப்படம் சோறளித்தது, ஜாஸ் அவருக்கு உயிராயிருந்தது. அந்த ஆண்டுகளில் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் பெரும் ஜாஸ் கலைஞர்கள் இந்தியாவுக்கு வந்தனர். 1958இல் டேவ் புரூபெக்கும், 1963இல் டியூக் எலிங்டனும் தம் குழுக்களோடு வந்து பம்பாயிலும் நம் சென்னையிலும் வாசித்தனர். முன்பு பிழைப்புத் தேடிக் கப்பலில் வந்த இசை இப்போது அரசுத் தூதாக விமானத்தில் வந்திறங்கியது. 1961 டிசம்பரில் கோவாவும் போர்த்துகேசியர் பிடியினின்று விடுபட்டு இந்தியாவோடு இணைந்தது. நாற்பத்தைந்து வயதில் நம் வித்துவானின் பிறந்த ஊர், அவர் நெடுநாள் வாழ்ந்த நாட்டின் பகுதியாயிற்று.

1967ஆம் ஆண்டு மே மாதத்தில் சிக் சாக்லேட் காலமானார். அப்போது அவருக்கு ஐம்பத்தோரு வயதுக்கு மேலிராது. ஜாஸ் யாத்ரா என்னும் பெயரில் பல நாட்டுக் கலைஞரும் கூடும் பெருவிழா பம்பாயில் தொடங்கியது 1978இல். அதனைக் காண அவர் இல்லை. அவரோடு வாசித்த தலைமுறையும் ஒவ்வொருவராக மறைந்தது. அவர்களுடைய கைப்பட எழுதிய சுரக்குறிப்புத் தாள்களுள் பெரும்பாலானவை பாட்டுப் பதிவானதும் கழிக்கப்பட்டன.

அல்பேலா இன்றும் காணக் கிடைக்கின்றது. நம் காலனிப் பிள்ளைகள் கைப்பேசியிலேயே தேடியெடுத்துப் பெரியோர்க்குக் காட்டலாம். பகவானும் கீதா பாலியும் ஆடும் காட்சிகளுள் ஒன்றில், பின்னே நிற்கும் வாத்தியக்காரர்களைச் சற்று உற்று நோக்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். கையில் டிரம்பெட்டோடு, முகம் மலர நிற்பவர் ஆல்டோனாவின் அந்தோணியோ சேவியர் வாஸ்.